தெரிந்த குறைகளில் ஏழாவது

ஜூன் 3

மருமகனுக்கு,

மாப்பிள்ளை என்று சொல்ல வாய் வரவில்லை. அன்புள்ள, நலம், நலமறிய ஆவல் என்று எதையும் மேலே போடக் கூடாது என்று எழுதுகிறவரிடம் சொல்லிவிட்டேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. என் பெயரையே படம் வரைகிற மாதிரிதான் வரைவேன். இப்படிப்பட்டவன் எதற்குக் கடிதம் போடுகிறான் என்று நினைப்பீர்கள். நம் ஆபரேட்டர் பாட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் சொன்னது ஒரு சொல் மாறாமல் என்னிடம் இருக்கிறது. "எல்லாம் எழுத்துல குடுத்திருக்கோம் மாமா. எழுத்துல இருக்கறதுதான் கணக்கு." நல்லது. இனி நானும் எழுத்திலேயே கொடுக்கிறேன். போன் அடித்தால் எடுக்க மாட்டேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும்.

நான் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவன். எது எங்கே போயிருக்கிறது, எது எப்படி இருமுகிறது என்பதெல்லாம் என் தலைக்குள் இருந்தது. கல்யாணம் ஆகி முதல் தடவை வந்தபோது யார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, உங்களுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தா தொழிலே படுத்துடும்" என்றீர்கள். உங்கள் கம்பெனி ஒரு மேடை செய்து விற்கிறது, அதில் எந்த வியாபாரிக்கும் அவனவன் தொழிலுக்கு ஏற்ற செயலியைக் கட்டிக்கொள்ளலாம், ஒரு வரி எழுத வேண்டாம், கட்டங்களை இழுத்து இழுத்து வைத்தால் போதும் என்று காட்டினீர்கள். எழுத வேண்டாம் என்றதும் எனக்குப் பிடித்துவிட்டது. மறைக்கவில்லை.

எனக்காகவே எல்லாவற்றையும் படமாக வைத்தீர்கள். போகலாம் என்ற மெஷினுக்குப் பச்சை இலை. வாசலைத் தாண்டக் கூடாத மெஷினுக்குச் சிவப்புக் கை. டிரைவரும் ஆபரேட்டரும் நானும் படத்தைப் பார்த்தே வேலை செய்தோம். என் மகள் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி, இங்கிருந்து எது எங்கே போக வேண்டும் என்று உத்தரவு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

செவிடன் என்று என்னிடம் இரண்டு ஜெனரேட்டர். இரண்டுக்கும் ஒரே சத்தம், பக்கத்தில் நின்றவன் காது போய்விடும், அதனால் ஒரே பெயர். ஒன்றில் டீசல் குழாய் கசிவு. அதற்கு நானே சிவப்புக் கை வைத்தேன். அப்புறம் உங்கள் புது அப்டேட் வந்தது. ஒரே பெயரில் இரண்டு இருந்தால் அதுவாகவே ஒன்றாக்கிவிடுமாம். ஆக்கியது. சிவப்புக் கையைக் காணோம். பச்சை இலையோடு ஒரே ஒரு செவிடன். நல்ல செவிடனை நினைத்து மகள் அனுப்பச் சொன்னாள். டிரைவர் போனைப் பார்த்தான், பச்சை. வாசலோரம் நின்றதை ஏற்றினான். குளிர்பதனக் கிடங்கில் நம் ஆபரேட்டர் அதைக் கிளப்பினார். ஓடிச் சூடேறிய சைலன்சர் மேல் டீசல் தெறித்துப் பற்றிக்கொண்டது. இரண்டு கையும் வெந்தது. எந்த மெஷின் எவ்வளவு கத்தினாலும் அதற்கு மேல் பாடிக்கொண்டிருப்பார், அதனால்தான் பாட்டுக்காரர். இப்போது அவர் வீட்டில் பாட்டு இல்லை.

குறையைச் சரிசெய்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். திறந்தால் மறுபடியும் இரண்டு செவிடன். சிவப்புக் கையும் பழைய தேதியோடு பழைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கிடங்கில் இறங்கியது எந்தச் செவிடனோ அதன் மேலேயே என் மகளின் உத்தரவையும் ஒட்டிவைத்திருக்கிறது. சிவப்புக் கையைப் பார்த்தும் இந்தப் பெண் அனுப்பினாள் என்று உங்கள் செயலி சாட்சி சொல்கிறது. விசாரணை அதிகாரி அதைத்தான் நம்புகிறார். ஜூலை இரண்டாம் தேதி விசாரணை.

கேட்பது ஒன்றுதான். அன்று காலை திரையில் சிவப்புக் கை இல்லை என்று உங்கள் பெயரில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுத்தில் இருப்பதுதானே கணக்கு.

இப்படிக்கு,
யார்டுக்காரன்


ஜூன் 7

மாமா,

கடிதம் வந்தது. நீங்கள் யாரையும் மரியாதை கொடுத்துத் திட்டி நான் பார்த்ததில்லை. ஆகையால் பாதி உங்கள் மகளின் திருத்தம். அது யாருடைய எழுத்து என்று தெரியாதவன் மாதிரி நடிக்கவும் எனக்கு விருப்பமில்லை. வரிகள் எல்லாம் வலது பக்கம் சரிந்துகொண்டே போகின்றன. கண்ணாடி இல்லாமல் எழுதுகிறாள். அது இங்கே மேசை மேல்தான் கிடக்கிறது. தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

இனி எழுத்துக்கு எழுத்து.

மெஷினுக்கெல்லாம் நம்பர் போடுங்கள் என்று எத்தனை தடவை கெஞ்சினேன். "நம்பர் சொன்னா எனக்கு மூஞ்சி வராது மாப்ள" என்றீர்கள். டிரைவர் சிரித்தான். பாட்டுக்காரரும்தான் சிரித்தார். இரண்டு மெஷினுக்கு ஒரே பெயரை வைத்துவிட்டு, ஒரே பெயராக இருந்ததால் சேர்த்துவிட்டது என்று செயலியைக் குறை சொல்கிறீர்கள்.

ஒவ்வொரு அப்டேட்டோடும் ஒரு குறிப்பு அனுப்புகிறோம். அந்த ஏப்ரல் குறிப்பின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். முன் பக்கம் புதிய வசதிகள். கடைசிப் பக்கம் தெரிந்த குறைகள். ஏழாவதைப் படிக்கச் சொல்லுங்கள்: "ஒரே பெயருள்ள பதிவுகள் இணைக்கப்படும்போது நிறுத்தக் குறி மறையக்கூடும். மாற்று வழி: ஒவ்வொரு பதிவுக்கும் தனி எண் தரவும்." மறைத்தோமா? குறையே இல்லாமல் எந்த மென்பொருளும் வெளியே வருவதில்லை. குறையை வாய் திறந்து சொல்லாத கம்பெனிகள்தான் அதிகம். நாங்கள் அச்சடித்துக் கையில் கொடுக்கிறோம்.

நீங்கள் கேட்கிற கடிதத்தை என்னால் தர முடியாது. கம்பெனி விஷயத்தை வெளியே எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் வேலையில் இருக்கிறேன். கொடுத்த அன்றே வேலை போய்விடும். வேண்டுமானால் கம்பெனிக்கு நீங்கள் முறைப்படி விண்ணப்பியுங்கள். பதில் வர மாதக்கணக்காகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று மட்டும். அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது விபத்தால் அல்ல. போனில் நீங்கள் போட்ட கூச்சலால். அப்படித்தான் நினைக்கிறேன்.

மருமகன்


ஜூன் 11

கண்ணாடி வந்தது. அதற்குள் இங்கே வேறு வாங்கியாயிற்று.

மரியாதை உனக்கு உறுத்துகிறது என்றால் எனக்கென்ன. நீ என்றே சொல்கிறேன். நான் சொல்வது சொன்னபடி வர வேண்டும், சோப்புப் போட்டு அலசக் கூடாது என்று இவளிடமும் சொல்லியாயிற்று.

ஒரே பெயர் வைத்தவன் நான்தான். அதை உன் கடிதம் வருவதற்கு முன்பே விசாரணை அதிகாரியிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் பேனாவைக்கூட எடுக்கவில்லை. "பேர் வச்சது குத்தம் இல்ல பெரியவரே. செவப்புக் கைய பாத்துட்டு அனுப்புனது யாரு, அத சொல்லுங்க" என்றார். என் பங்கை நான் சொல்லிவிட்டேன். உன் பங்கு பாக்கி.

பட்டியலை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். முதலாவது, அச்செடுத்தால் கடைசிக் கட்டம் வெட்டுப்படும். இரண்டாவது, சில போன்களில் பச்சை கொஞ்சம் நீலமாகத் தெரியும். மூன்றாவது, நீளமான பெயர் மடங்கி விழும். அப்படியே போய்ப் போய் ஏழாவது. கட்டம் வெட்டுப்படுவது உங்களுக்கு முதலாவது, ஒருவன் கை வெந்து போவது ஏழாவது.

தெரிந்த குறை என்றால் என்ன என்று டிரைவரிடம் விளக்கிப் பார்த்தேன். "பிரேக் புடிக்காதுன்னு தெரியும், சீட்டு எழுதி ஒட்டிட்டேன், எடுத்துட்டுப் போன்னா போவியா?" என்றேன். "சீட்டு எங்க ஒட்டியிருப்பீங்க மொதலாளி, பின் டயர்லயா?" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் யார்டில் குறை தெரிந்தால் சிவப்புக் கை. கை விழுந்தால் அது வாசலைத் தாண்டாது. அந்தக் கையை வரைந்து கொடுத்ததே நீதான். உன் கம்பெனியில் குறை தெரிந்தால் காகிதத்தின் கடைசியில் எழுதிவிட்டு வாசலை அகலத் திறந்து விடுகிறீர்கள். எழுதியது யாருக்கு? எழுத்துத் தெரியாதவனுக்கு. பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று எனக்கு இலையும் கையும் வரைந்தவன், எச்சரிக்கையை மட்டும் எழுத்தாக அனுப்பினாய்.

என் கூச்சலால் கிளம்பினாள் என்கிறாய். ஏன் வந்தாய் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. உன் கடைசி வரியைப் படித்த பிறகுதான் வாய் திறந்தாள். அன்று காலை மேசையில் அவள் கேட்டாளாம்: "செவிடன் ஒண்ணுதான் காட்டுது, இன்னொண்ணு எங்க?" எதிரில் உட்கார்ந்திருந்த நீ சொன்னாயாம்: "புது வசதி. ஒரே பேரா இருந்தா சேத்துடும்." சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்ததும் மறுபடி கேட்டாளாம்: "செவப்புக் கை எங்க போச்சு?" நீ தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாயாம்: "அது தெரிஞ்சதுதான்."

காலையில் புது வசதி. சாயங்காலம் தெரிந்த குறை. நடுவில்தான் பாட்டுக்காரரின் கை.

இதை அவள் அழாமல்தான் எழுதினாள். நீ வேறு மாதிரி கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.


ஜூன் 15

மாமா,

அவள் சொன்னது உண்மை. காலையில் சொன்னதும் மாலையில் சொன்னதும். அலுவலகத்தில் நாள் முழுக்க யாராவது இதையேதான் கேட்கிறார்கள். வாய் பழகிவிட்டது. கேள்வி முடியும் முன்பே பதில் வந்து விழுகிறது. எதிரில் இருப்பது அவள் என்று எனக்கு

இந்த இடத்தில் சில வரிகளை அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயல வேண்டாம்.

ஞாபகம் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. கல்யாண வரவேற்பில் உங்கள் பழைய கூட்டாளி "மாப்ள என்ன பண்றாரு?" என்று கேட்டார். "பொட்டி தட்டுறாரு" என்றீர்கள். பக்கத்து வரிசையில் மாலையோடு நின்றுகொண்டிருந்தேன். உங்கள் யார்டுக்கு நான் கட்டிக் கொடுத்த செயலிக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன் என்று யாருக்கும் தெரியாது. அந்த இலையை எட்டு விதமாக வரைந்து பார்த்தேன். ஒரு நாளாவது நன்றாக இருக்கிறது என்று சொன்னீர்களா?

போகட்டும். அவளைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது. உங்கள் யார்டுப் பதிவுகளைத் திறந்து திருத்த எனக்கு அனுமதி உண்டு. அவள் கொடுத்த உத்தரவை நல்ல செவிடனுக்கு மாற்றிவிடுகிறேன். கசிவு உள்ளதை ஏற்றியது மட்டும் டிரைவர் பெயரில் இருக்கட்டும். அவள் சரியானதைத்தான் அனுப்பச் சொன்னாள், அவன் சிவப்புக் கை போட்டதைக் கவனிக்காமல் ஏற்றினான். யோசித்துப் பார்த்தால் நடந்ததும் ஏறக்குறைய அதுதானே. டிரைவருக்குப் பெரிதாக எதுவும் ஆகாது, லைசென்சைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைப்பார்கள். அவள் பெயர் இந்த வம்பிலிருந்து விடுபட்டுவிடும். என் வேலையும் போகாது.

ஒரு வரி போதும். சரி என்று எழுதுங்கள், செய்துவிடுகிறேன்.

மருமகன்


ஜூன் 18

படித்துக்கொண்டு வந்தவள் டிரைவர் என்ற இடத்தில் நிறுத்தினாள். மீதியையும் படி என்றேன். படித்தாள். பிறகு வாசல்பக்கம் போய், லாரி கழுவிக்கொண்டிருந்தவனைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து பேனாவை எடுத்தாள்.

நீ கேட்ட ஒரு வரி: வேண்டாம்.

அவன் போனிலும் பச்சை இலைதான் இருந்தது. அதைப் பச்சையாக்கியது உங்கள் அப்டேட். கட்டிய பெண்டாட்டியைக் காப்பாற்ற அடுத்த வீட்டுப் பிள்ளையின் சோற்றில் கை வைக்கிற யோசனை உனக்கு எத்தனை சுலபமாக வந்திருக்கிறது. அவனுக்கு லாரியைத் தவிர வேறு எதுவும் தெரியாது. கொஞ்ச காலம் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கொஞ்ச காலம் உன் வீட்டில் உலை வைக்காமல் இருந்து பார்.

விசாரணைக்கு என் மகள் தனியாகப் போவாள். சிவப்புக் கை இல்லை என்பாள். நம்பினால் நம்பட்டும். நம்பாவிட்டால் அவள் தலையில் எழுதிவிடட்டும், சுமப்பாள். நீ யார்டுப் பதிவில் ஒரு புள்ளியைத் தொட்டாலும் நானே அதிகாரியிடம் போய்ச் சொல்வேன்.

பொட்டி தட்டுகிறார் என்று நான் சொன்னது நிஜம். அதற்கு அடுத்து என்ன சொன்னேன் என்பது உன் காதில் விழவில்லை போலிருக்கிறது. கூட்டாளி சிரித்தான். "சிரிக்காதடா, அதுவும் கைத்தொழில்தான்" என்றேன்.

அந்தச் சொல்லை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இந்த விலாசத்துக்கு இனிமேல் எழுதாதே.


ஜூன் 26

மாமா,

எழுதாதே என்றீர்கள். இது ஒன்று மட்டும்.

இதோடு இருப்பது நேற்றுக் காலை எங்கள் வாடிக்கையாளர் எல்லோருக்கும் போன புதிய குறிப்பு. இந்தக் குறிப்புகளை எழுதுவதே என் வேலைதான். உங்களிடம் சொல்லிக்கொண்டதில்லை. ஏப்ரல் பட்டியலில் அதை ஏழாவதாக வைத்ததும் நானே. மேலதிகாரி "கொஞ்சம் கீழ போடுங்க" என்றார். எவ்வளவு கீழே என்று அவர் சொல்லவில்லை.

இந்த முறை யாரையும் கேட்கவில்லை. புதிய வசதிகளுக்கும் மேலே, காகிதத்தின் தலையில் வைத்திருக்கிறேன். அவளைப் படிக்கச் சொல்லுங்கள்:

"தெரிந்த குறை. ஏப்ரல் 28 முதல் மே 19 வரை, ஒரே பெயருள்ள இயந்திரங்களுக்கு வைத்த நிறுத்தக் குறி யாருடைய திரையிலும் தெரியவில்லை. இப்போது பதிவில் தெரிவது பிறகு நாங்கள் சேர்த்தது. அந்த நாட்களில் அந்த இயந்திரங்களை அனுப்பியவர்களும் ஏற்றியவர்களும் இயக்கியவர்களும் அந்தக் குறியைப் பார்க்கவில்லை. பார்த்திருக்க முடியாது. மாற்று வழி: இல்லை."

மதியம் மேலே கூப்பிட்டார்கள். அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அனுப்பிய குறிப்பைத் திரும்ப இழுக்கப் பார்த்தார்கள். அந்த வசதி இன்னும் எங்கள் மேடையில் சரியாக வேலை செய்வதில்லை. அதுவும் பட்டியலில் உண்டு, ஐந்தாவது.

ஜூலை இரண்டு காலை விசாரணைக்கு வருகிறேன். காகிதத்தில் இருப்பதையே வாயாலும் சொல்கிறேன். முதல் நாள் சாயங்கால பஸ்ஸில் இறங்குவேன். யார்டுக்கு வரலாமா, வெளியே எங்காவது தங்க வேண்டுமா தெரியவில்லை. அதை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

டிரைவரைப் பற்றி நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட முடிந்தால் நல்லது.

மருமகன்


ஜூன் 29

கிழிக்கவில்லை.

எழுத்து மாறியிருக்கிறதே என்று பார்ப்பாய். மகள் இதை எழுத மாட்டேன் என்றுவிட்டாள். "வர்றவர் வரட்டும். வந்து என் மூஞ்சியப் பாத்துப் பேசட்டும். அதுக்கு நான் ஏன் கடுதாசி எழுதணும்?" என்றாள். புதுக் கண்ணாடி சரியில்லை, தலை வலிக்கிறது என்று நீ அனுப்பிய பழையதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறாள். இதற்கு நீ எந்த அர்த்தமும் எடுத்துக்கொள்ளாதே.

உன் காகிதம் வந்தது. மடிப்பைப் பிரித்ததும் மேலே சிவப்புக் கை. அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் படித்துவிட்டேன். எழுத்துக்குப் பக்கத்தில் படத்தையும் போட வேண்டும் என்று இப்போதாவது தோன்றியிருக்கிறது. பிறகு அவள் மூன்று தடவை படித்தாள். நான் கேட்டது ஒரு தடவைதான், மற்ற இரண்டும் அவளுக்காகப் படித்துக்கொண்டாள்.

பாட்டுக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கட்டுப் போட்ட கையால் வாங்க முடியாது, நான்தான் அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். பார்த்தார். "இது மொதல்லயே மேல இருந்திருக்கலாம்" என்றார். நீ வந்து அவரைப் பார்க்கும்போது உன்னிடமும் இதையே சொல்வார். கேட்டுக்கொள். புது வசதி, தெரிந்த குறை என்று அங்கே வாய் திறந்தால் நானே வெளியே தள்ளுவேன்.

இரண்டு செவிடனுக்கும் நம்பர் போட்டாயிற்று. முகம்தான் வரவில்லை.

இதை எழுதுவது டிரைவர். அவனை எழுத வைப்பதென்றால் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். சொன்னேன். உன் ஜூன் பதினைந்தாம் தேதிக் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தேன், உட்கார்ந்து படித்தான். முடித்துவிட்டு மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தான். பேனாவில் மை வரவில்லை என்று உதறிக்கொண்டே இருந்தான். அப்புறம் "சொல்லுங்க மொதலாளி, எழுதறேன்" என்றான்.

வெளியே தங்க வேண்டாம். பஸ் நிலையத்துக்கு வண்டி வரும். என்னிடம் இருப்பது ஒரே டிரைவர், அவன்தான் வருவான். பையை வாங்க வருவான், கொடுக்காதே, நீயே தூக்கு. பின்னால் ஏறி உட்காராதே.

முன்னால் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வா.